ஒரே இணைய இணைப்பில் இரண்டாவது கணினியை இணைத்தல்

ஒரே இணைய இணைப்பில் இரண்டாவது கணினியை இணைத்தல் என்பது, வீட்டுக்கு வரும் ஒற்றை இணைய இணைப்பை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் ஒரே நேரத்தில் பயன்படுத்துமாறு அமைத்துக்கொள்வதாகும். இதற்கு இரண்டாவது இணைப்போ இரண்டாவது மாதக் கட்டணமோ தேவையில்லை. வெளியிலிருந்து வீட்டுக்குக் கிடைக்கும் ஒரே முகவரியை உள்ளே இருக்கும் கணினிகளுக்காகப் பங்கிட்டுத் தரும் கருவி ஒன்று இருந்தால் போதும். அக்கருவி ரவுட்டர் எனப்படும். தமிழில் திசைவி என்றும் கூறுவர்.

முகவரி பங்கிடும் வேலையை வீட்டில் ஒரே ஒரு கருவி மட்டுமே செய்ய வேண்டும் என்பது இவ்வமைப்பின் அடிப்படை விதி. அந்த வேலையைச் செய்ய ஒரு கருவியும் இல்லாவிட்டால் இரண்டாவது கணினிக்கு இணையம் வராது. இரண்டு கருவிகள் போட்டியிட்டால் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. இந்த விதியைப் புரிந்துகொண்டவர், பெரும்பாலான இணைப்புச் சிக்கல்களைத் தாமே கண்டறிய முடியும்.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பொருத்தி, ஓர் எண்ணை அழைத்து இணையத்தில் நுழைய வேண்டும். ஓர் அழைப்புக்கு ஒரு கணினி என்பதே நடைமுறை. 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ஒரு கணினிக்குக் கிடைத்த இணைப்பை மற்றொரு கணினிக்கும் பகிரும் வசதி சேர்க்கப்பட்டது.

2004இல் இந்திய அரசு வெளியிட்ட அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலப்பட்டையின் குறைந்தபட்ச அளவாக வகுத்தது. இந்த அளவு 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. இன்று கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்புகளின் வேகம் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஓர் இணைப்பை இரண்டு மூன்று கணினிகள் பகிர்வதற்கு வேகம் தடையாக இருப்பதில்லை. கேள்வி முகவரி பற்றியதே.

முகவரி ஏன் பகிரப்படுகிறது?

இணையத்தில் தகவல் பெறும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண் தேவை. நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ள நான்காம் பதிப்பு முகவரி 32 பிட் நீளமுடையது. இதனால் உருவாக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி மட்டுமே. உலக மக்கள்தொகையைவிட இது குறைவு. உலகளாவிய பொதுத் தொகுப்பில் எஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று மண்டலப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன.

இந்தப் பற்றாக்குறை முன்பே எதிர்பார்க்கப்பட்டதுதான். 1994இல் முகவரி மாற்றம் என்ற முறை முன்வைக்கப்பட்டது. ‘நேட்’ என்பது இதன் சுருக்கப் பெயர். வீடு, அலுவலகம் போன்றவற்றின் உள்ளே மட்டும் பயன்படுத்த வேண்டிய தனியார் முகவரிகள் 1996இல் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்கும் முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் முகவரிகளும், 192.168 என்று தொடங்கும் முகவரிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை பொது இணையத்தில் செல்லுபடியாகாது. அதனால் ஒரே தனியார் முகவரியை உலகின் பல கோடி வீடுகள் தத்தம் எல்லைக்குள் பயன்படுத்த முடிகிறது.

செயல்படும் விதம்

ஒரு மாணவர் விடுதியை எடுத்துக்கொள்வோம். அஞ்சல்காரருக்கு விடுதியின் வாசல் முகவரி மட்டுமே தெரியும். உள்ளே எத்தனை அறைகள், எந்த அறையில் யார் என்பது தெரியாது. மாணவர் எழுதும் கடிதங்களை விடுதிக் காப்பாளர் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டு, அந்த எண்ணுக்கு நேராக அறை எண்ணைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அஞ்சலில் சேர்க்கிறார். பதில் எழுதுபவர் அதே எண்ணைக் குறிப்பிட்டு விடுதி முகவரிக்கு எழுதுகிறார். காப்பாளர் பதிவேட்டைப் பார்த்து உரிய அறைக்குக் கொடுக்கிறார்.

ரவுட்டர் செய்வதும் இதுதான். முதல் கணினியின் உள்முகவரி 192.168.1.2 என்றும், இரண்டாவது கணினியின் உள்முகவரி 192.168.1.3 என்றும் கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இணையதளத்தைத் திறக்கின்றன. ரவுட்டர் முதல் கணினியின் கோரிக்கைக்கு 40001 என்றும், இரண்டாவதன் கோரிக்கைக்கு 40002 என்றும் போர்ட் எண் இட்டு, இரண்டையும் வீட்டின் ஒரே பொது முகவரியிலிருந்து அனுப்புகிறது. 40002 என்ற எண்ணுக்குப் பதில் வந்ததும், தன் பட்டியலைப் பார்த்து அதை 192.168.1.3க்கு அனுப்புகிறது. இப்பணி நொடிக்குப் பல ஆயிரம் முறை நடக்கிறது.

இதில் உபரி நன்மை ஒன்றும் உண்டு. உள்ளேயிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் தகவலுக்குப் பட்டியலில் பதிவு இராது; ரவுட்டர் அதை உள்ளே விடுவதில்லை. ஆனால் பயனர் தாமே திறக்கும் தீய இணைப்புகளிலிருந்து இது காப்பாற்றாது.

ரவுட்டருக்கு இரண்டாவது கடமையும் உண்டு. புதிதாக வந்து சேரும் கணினிக்கு உள்முகவரியை ஒதுக்கித் தருவதும் அதன் வேலையே. இதற்கான நெறிமுறை டி.எச்.சி.பி. எனப்படும். இது இயங்குவதால்தான் கணினியில் எந்த எண்ணையும் கையால் எழுத வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

முதலில் பார்க்க வேண்டியது

எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் உள்ள பெட்டி எத்தகையது என்று பார்க்க வேண்டும்.

முதல் வகை: பெட்டியின் பின்புறம் ‘லேன்’ என்று குறிக்கப்பட்ட துளைகள் இரண்டு அல்லது நான்கு இருக்கும், வைஃபையும் இருக்கும். கண்ணாடி இழை இணைப்புடன் இன்று தரப்படும் பெட்டிகளில் பல இவ்வகையின. மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியில் அடங்கியிருப்பதால், பெரும்பாலும் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை: பெட்டியில் கணினிக்கான துளை ஒன்றே இருக்கும், அல்லது பெட்டியே இல்லாமல், தெருவிலிருந்து வரும் கம்பி நேராகக் கணினியில் செருகப்பட்டிருக்கும். உள்ளூர்க் கேபிள் நிறுவனங்கள் தரும் சில இணைப்புகள் இப்படி இருக்கும். இங்கு ரவுட்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகையில் பலர் செய்யும் தவறு, ரவுட்டருக்குப் பதிலாக ஸ்விட்ச் என்ற விலை குறைந்த கருவியை வாங்குவதாகும். ஸ்விட்ச் ஒரு துளையைப் பல துளைகளாக்கும். முகவரி மாற்றம் செய்யாது. சேவை நிறுவனம் ஒரு முகவரி மட்டுமே தரும்போது, அதில் செருகிய இரண்டு கணினிகளில் முதலில் கேட்டதற்கு மட்டும் இணையம் கிடைக்கும். ரவுட்டரில் துளைகள் போதாதபோது, ரவுட்டருக்குப் பின்னால் வைப்பதற்கே ஸ்விட்ச் பயன்படும்.

இணைக்கும் முறைகள்

கம்பி வழி: ரவுட்டரின் லேன் துளைக்கும் கணினியின் ஈதர்நெட் துளைக்கும் இடையே வலையமைப்புக் கம்பியைச் செருகுவது மிக எளிய, மிக உறுதியான முறை. இக்கம்பியின் உள்ளே நான்கு இணைகளாக முறுக்கப்பட்ட 8 மெல்லிய செப்புக் கம்பிகள் உள்ளன. ‘கேட் 5இ’ என்று அச்சிடப்பட்ட கம்பி, நொடிக்கு 1000 மெகாபிட் வரை தாங்கும். ஓர் இணைப்பின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீடுகளுக்கு இது தாராளம். மின்கம்பி செல்லும் அதே குழாய்க்குள் இதைச் செலுத்தக் கூடாது. 1000 மெகாபிட் வேகத்துக்கு 8 கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 4 போதும். எனவே நன்றாக இயங்கிய இணைப்பு திடீரென 100 மெகாபிட்டைத் தாண்டாமல் நின்றால், கம்பியின் முனையில் ஓர் இழை அறுந்திருக்கலாம்.

வைஃபை வழி: மடிக்கணினிகளில் வைஃபை உள்ளமைந்தே வருகிறது. பழைய மேசைக்கணினியில் இல்லாவிட்டால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை ஏற்பி போதும். வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு, அண்டை வீட்டு வைஃபையின் நெரிசலும் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். ஒரே அறையில் உள்ள கணினிக்கு 5 கிகாஹெர்ட்ஸும், தள்ளியுள்ள அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸும் பொருந்தும். கான்கிரீட் தளம், இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை அலையைத் தடுப்பவை. ரவுட்டரை அலமாரிக்குள் மூடி வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் சற்று உயரத்தில் வைப்பது நல்லது.

முதல் கணினி வழி: ரவுட்டர் வாங்க முடியாத நிலையில், இணையம் வரும் கணினியையே ரவுட்டராகப் பயன்படுத்தலாம். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ என்ற அமைப்பை இயக்கினால், அக்கணினியின் வைஃபை வழியாக மற்றொன்று இணையலாம். முதல் கணினி அணைந்தால் இரண்டாவதன் இணையமும் நின்றுவிடும் என்பது இதன் குறை.

ரவுட்டரைப் புதிதாக அமைத்தல்

இரண்டாவது வகை இணைப்பு உள்ள வீட்டில் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. முதல் கணினி தற்போது இணையத்தில் எப்படி நுழைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு பெட்டி வழியாக நுழைந்தால், அவ்விரண்டும் இனி ரவுட்டருக்குள் எழுதப்பட வேண்டும். அவை கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

2. மோடத்தை அணைத்துவிட்டு, அதிலிருந்து வரும் கம்பியை ரவுட்டரின் ‘இன்டர்நெட்’ என்று குறிக்கப்பட்ட துளையில் செருக வேண்டும். இத்துளை பெரும்பாலும் மற்றவற்றிலிருந்து நிறத்தால் வேறுபட்டிருக்கும்.

3. இரண்டு கணினிகளையும் ரவுட்டரின் லேன் துளைகளில் செருக வேண்டும், அல்லது வைஃபையில் சேர்க்க வேண்டும்.

4. மோடத்தை முதலிலும், அதன் விளக்குகள் நிலைபெற்ற பின் ரவுட்டரையும் இயக்க வேண்டும்.

5. கணினியின் உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டச்சு செய்து அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பவை வழக்கமானவை. சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவைப்படும் இணைப்பு என்றால், பி.பி.பி.ஓ.இ. என்ற வகையைத் தேர்ந்து அவற்றை எழுத வேண்டும். மற்றவற்றுக்குத் தானியங்கி முகவரி என்பதைத் தேர்ந்தால் போதும்.

6. எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வராவிட்டால், சேவை நிறுவனம் இணைப்பை முதல் கணினியின் மேக் முகவரியுடன் பூட்டி வைத்திருக்கலாம். மேக் முகவரி என்பது வலையமைப்பு அட்டையின் அடையாள எண். நிறுவனத்திடம் சொல்லி ரவுட்டரின் எண்ணைப் பதியச் செய்யலாம்; அல்லது ‘மேக் குளோன்’ என்ற வசதியால் முதல் கணினியின் எண்ணை ரவுட்டர் ஏற்குமாறு செய்யலாம்.

வீட்டில் இரண்டு ரவுட்டர்கள்

மாடி அறைக்கு வைஃபை எட்டாதபோது, பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே வைப்பது வழக்கம். அடிப்படை விதி அதிகம் மீறப்படுவது இங்கேதான்.

முதல் ரவுட்டரின் லேன் துளையிலிருந்து இரண்டாவது ரவுட்டரின் லேன் துளைக்குக் கம்பி இழுத்து, வேறு எதையும் மாற்றாமல் விட்டால், முகவரி ஒதுக்கும் கருவிகள் இரண்டாகிவிடும். கணினி இயங்கத் தொடங்கும்போது எந்த ரவுட்டர் முந்திப் பதில் சொல்கிறதோ, அது தரும் முகவரியை ஏற்கும். முதல் ரவுட்டர் முந்தினால் இணையம் கிடைக்கும். இரண்டாவது முந்தினால், இணையத்துக்கே வழி இல்லாத அந்த ரவுட்டரைக் கணினி வாசலாக எண்ணிக் காத்திருக்கும். காலையில் வந்தது, மாலையில் வரவில்லை என்ற குழப்பத்துக்கு இது முக்கியக் காரணம். இணைப்பில் குறை என்று நினைத்துச் சேவை நிறுவனத்தை மாற்றினாலும் இது தீராது.

தீர்வு எளியது. இரண்டாவது ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கினால் போதும். இல்லாவிட்டால் இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று, அதன் டி.எச்.சி.பி. பணியை நிறுத்த வேண்டும். மற்றொன்று, அதன் சொந்த முகவரியை, முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாததும், முதல் ரவுட்டர் கணினிகளுக்கு வழங்காததுமான எண்ணாக மாற்ற வேண்டும். அதன்பின் லேன் துளைகளுக்கிடையே கம்பியை இணைக்கலாம்.

முதல் ரவுட்டரின் லேன் துளையை இரண்டாவதன் இன்டர்நெட் துளையில் செருகுவதும் உண்டு. அப்போது முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும். உள்முகவரித் தொடர்கள் வெவ்வேறாக இருந்தால் இணையதளங்கள் திறக்கும். ஆனால் மாடிக் கணினியும் கீழ்க் கணினியும் தனித்தனி வலையமைப்பில் இருப்பதால், அச்சுப்பொறியையும் கோப்புகளையும் பகிர்வதில் தடை ஏற்படும்.

வேகம் எவ்வாறு பங்கிடப்படுகிறது?

இரண்டாவது கணினியை இணைப்பதால் மட்டும் வேகம் குறையாது. இரண்டும் ஒரே நேரத்தில் தகவலை இழுக்கும்போதே பங்கு பிரியும். நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பு என்றால், 8 பிட் ஒரு பைட் ஆதலால், நொடிக்கு 5 மெகாபைட் இறங்கும். 1000 மெகாபைட் கோப்பு 200 நொடியில், அதாவது 3 நிமிடம் 20 நொடியில் இறங்கும். இரண்டு கணினிகளும் அத்தகைய கோப்பை ஒன்றாக இறக்கினால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இருமடங்கு நேரமாகும்.

பதிவேற்ற வேகத்தையும் கவனிக்க வேண்டும். சில இணைப்புகளில் இது பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவு. ஒரு கணினி நூற்றுக்கணக்கான நிழற்படங்களை இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தால், மற்றொரு கணினியில் இணையவழி வகுப்பிலோ தேர்விலோ இருக்கும் மாணவரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். நேர்காணல், தேர்வு ஆகிய நேரங்களில் மற்றக் கணினியின் இயங்குதளப் புதுப்பிப்பையும் பதிவேற்றத்தையும் நிறுத்தி வைப்பது நல்லது. மாதத் தரவு வரம்பு இருந்தால், அதுவும் இரண்டுக்கும் பொதுவானது.

இரு கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும்போது தகவல் ரவுட்டரைத் தாண்டி வெளியே செல்வதில்லை. எனவே அதன் வேகம் இணையத் திட்டத்தைச் சார்ந்ததன்று; வீட்டுக் கம்பியையும் வைஃபையையும் சார்ந்தது.

பாதுகாப்பு

வீட்டில் எத்தனை கணினிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே முகவரி. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் யாரோ ஒருவர் நுழைந்து தவறு செய்தால், விசாரணை வந்து நிற்கும் இடம் இணைப்பைத் தம் பெயரில் வைத்திருப்பவரின் வீடே. எனவே பின்வருவன அவசியம்.

வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறையை உடைக்கும் வழி 2001இலேயே வெளியாகிவிட்டது. வைஃபை கடவுச்சொல்லில் கைபேசி எண், பிறந்த நாள், வீட்டுப் பெயர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. தொழிற்சாலையில் இடப்பட்ட முதல் சொல்லையும் மாற்ற வேண்டும். விருந்தினருக்குத் தனி வைஃபை தரும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

பழுதறிதல்

முதலில் மற்றக் கணினியில் இணையம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் குறை பெரும்பாலும் ரவுட்டரிலோ வெளி இணைப்பிலோ இருக்கும். கண்ணாடி இழைப் பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். சேவை நிறுவனத்தையே அழைக்க வேண்டும்.

இரண்டாவது கணினியில் மட்டும் வராவிட்டால், விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை இட்டு முகவரியைப் பார்க்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால், கணினி முகவரி கேட்டும் எந்தக் கருவியும் தரவில்லை என்பது பொருள். கம்பியையும் ரவுட்டரின் டி.எச்.சி.பி. அமைப்பையும் சோதிக்க வேண்டும். முகவரி சரியாக இருந்தால், ‘பிங்’ கட்டளையால் ரவுட்டரின் முகவரியைத் தொட்டுப் பார்க்கலாம். பதில் வந்தால் வீட்டுக்குள் வழி சரி. அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரியைப் பார்க்கலாம். அதற்கும் பதில் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்காவிட்டால், தளப்பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் குறை இருக்கலாம்.

இரண்டாவது கணினி பல வீடுகளில் பழைய கணினியாகவே இருக்கும். அதன் உட்பலகையில் உள்ள வட்ட மின்கலம் தீர்ந்திருந்தால், அணைத்து இயக்கும்போது தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தை உலாவி தேதியை வைத்தே முடிவு செய்வதால், இணைப்பு சரியாக இருந்தும் தளங்கள் பாதுகாப்பற்றவை என்று காட்டும். தேதியைத் திருத்தி மின்கலத்தை மாற்றினால் இது சரியாகும்.

ஆறாம் பதிப்பு முகவரி

128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு ஐபி முகவரிகளுக்குப் பற்றாக்குறை இல்லை. சேவை நிறுவனம் இதை வழங்கும் வீடுகளில் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பொது முகவரியே கிடைக்கும். அதற்கு முகவரி மாற்றம் தேவைப்படாது. ஆயினும் நான்காம் பதிப்பில் மட்டும் இயங்கும் தளங்கள் இன்னும் உள்ளதால், பல இணைப்புகளில் இரண்டு பதிப்புகளும் சேர்ந்தே இயங்குகின்றன. கணினிகளையும் வெளியுலகையும் இணைக்கும் ஒரே வாசலாக ரவுட்டர் இருப்பது அங்கும் மாறுவதில்லை.